மாண்ட்ரோஸ் முனை, சிகாகோ: காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

சிகாகோவில் பறவை பார்க்க ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கும் என்றால், தயங்காமல் மாண்ட்ரோஸ் முனைக்குப் போகலாம். லிங்கன் பூங்காவின் வடபகுதியில், மிச்சிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுமார் 15 ஏக்கர் சரணாலயம் அது. கட்டணம் கிடையாது. 300-க்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் எந்த நாளில் போனாலும் அத்தனையும் வரிசைகட்டி நிற்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. விடியும் நேரத்தில் ஏரிக்கு மேல் மாட்டிக்கொண்டவை, முதலில் கண்ணில் படும் பச்சையைத் தேடி இறங்கும். வசந்தத்தில் இரவு முழுக்கத் தெற்குக் காற்று அடித்து, விடியலில் மழை பிடித்தால் அன்று அமோகம். இலையுதிர் காலத்தில் வடமேற்குக் காற்று வீசிய மறுநாள் காலை. மே மாத நடுவில்கூட வடகிழக்குக் காற்று இரண்டு நாள் நிலைத்துவிட்டால் புதர்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அதனால் நாட்காட்டியைவிட முந்தின இரவின் காற்றுத் திசைதான் முக்கியம்.

கூட்டமெல்லாம் 'மேஜிக் ஹெட்ஜ்' பக்கம்தான். பனிப்போர்க் காலத்தில் இங்கே நைக் ஏவுகணைத் தளம் இருந்தபோது ராணுவக் குடியிருப்பை மறைத்து நின்ற ஹனிசக்கிள் புதர் வேலி அது. ராணுவம் போய்விட்டது, பறவைகள் வந்துவிட்டன. காலை வெயில் ஏரிப்பக்கமிருந்து விழும். எனவே வேலிக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பாருங்கள். மறுபக்கம் நின்றால் வார்ப்ளர் எனும் சின்னஞ்சிறு பூச்சியுண்ணிப் பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

எங்கள் ஓட்டு மண்ணுக்குரிய புற்கள் வளர்ந்திருக்கும் புல்வெளிக்கே. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் லெகான்ட் ஸ்பாரோ, நெல்சன் ஸ்பாரோ என்ற இரண்டு சிட்டு வகைகளையும் தேட வேண்டிய இடம் இதுதான். இரண்டுக்கும் ஆரஞ்சு முகம், கன்னத்தில் சாம்பல் திட்டு. உச்சந்தலை நடுக்கோடு வெளிறியிருந்தால் லெகான்ட். சாம்பலாக இருந்தால் நெல்சன். புல்லுக்குள் எலி மாதிரி ஓடும். உள்ளே இறங்கி விரட்டினால் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி அடியில் பதுங்கிவிடும்; புல்லும் நாசம். பாதையிலேயே அசையாமல் நின்றால், தானாகவே தண்டில் ஏற வாய்ப்புண்டு. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும்.

பக்கத்துக் கடற்கரையில் 2019-இல் மான்டி, ரோஸ் என்ற பைப்பிங் பிளவர் ஜோடி கூடு கட்டியது. இந்தப் பேரேரிப் பகுதியில் அழியும் நிலையிலுள்ள உப்புக்கொத்தி இனம் அது. அங்கே கயிறு கட்டியிருந்தால் தாண்டவே கூடாது.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். இரவெல்லாம் பறந்து களைத்த பறவை, இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அலையும். நாய்களுக்குச் சரணாலயத்துக்குள் அனுமதியில்லை. கடற்கரையின் வடமுனையில் அவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. மே மாதமானாலும் ஏரிக்காற்று குளிரும், கனமான ஜாக்கெட் அவசியம். வண்டி நிறுத்தக் காசு கட்ட வேண்டும்.