100 டிகிரி தாங்கும் என்ற கணக்கு: 8700கே ஓவர்க்ளாக்கில் ஆறு ஆண்டுகள்

இன்டெலின் ஐ7-8700கே பிராசசரை 2018 தொடக்கத்தில் வாங்கினேன். 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). எல்லா கோரும் சேர்ந்து ஓடும்போது இயல்பான டர்போ வேகம் (சுமை வரும்போது பிராசசர் தானே ஏற்றிக்கொள்வது) 4.3 கிகாஹெர்ட்ஸ். பெயரின் கடைசியில் 'கே' இருக்கிறது, வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை நம் இஷ்டத்துக்கு ஏற்றி ஓவர்க்ளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டலாம் என்றால் ஆசை யாரை விட்டது? முதல் வாரமே 5.0-க்குப் போய்விட்டேன்.

இதற்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்ச வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சரி, அப்படியானால் 95 வரை கவலையில்லை என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். என் வேலை பெரும்பாலும் வீடியோ என்கோடிங்கும் 3டி ரெண்டரும். மணிக்கணக்கில் எல்லா கோரும் முழுச் சுமையில் ஓடும். 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வெப்பம் 88 முதல் 93 வரை. ஒரு மணி நேர ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் (வேண்டுமென்றே முழுச் சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) தேறிவிட்டது என்பதால் நிம்மதியாக இருந்தேன்.

கோடை வந்ததும் நிம்மதி போய்விட்டது. காற்றால் குளிரூட்டும் கூலரில் அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி பிராசசரும் ஏறும். 24-இல் சோதித்துப் பார்த்ததை 34-இல் ஓட்டினால் 90 என்பது 100 ஆகிவிடும். எனக்கு அதுதான் நடந்தது. பாதி ரெண்டரில் வேகம் 4.5-க்கும் கீழே விழுந்தது, சில நாள் நிரலே மூடிக்கொண்டது. 5.0 என்று திரையில் பார்த்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் முதல் சில நிமிடங்களுக்குத்தான்.

அப்போதுதான் வோல்டேஜை ஒழுங்காகக் கவனித்தேன். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 4.8-ஐ என் சில்லு 1.25 வோல்ட்டிலேயே பிடித்துக்கொண்டது. அங்கிருந்து 5.0-க்குப் போக 1.35 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் 4 சதவீதம் கூடுகிறது, தின்னும் மின்சாரமும் அது வெளிவிடும் வெப்பமும் 20 சதவீதத்துக்கும் மேல். அந்த 4 சதவீதத்தால் ஒரு மணி நேர ரெண்டரில் இரண்டு மூன்று நிமிடம் மிச்சம், அவ்வளவே. இதற்காகவா ஃபேன் இரைச்சலில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது, 4.8-க்கே இறங்கிவிட்டேன்.

ஆட்டோ வோல்டேஜை மட்டும் நம்பாதீர்கள். என் மதர்போர்டில் அதை ஆட்டோவில் விட்டபோது 4.8-க்கே 1.38 வரை ஏற்றிக்கொண்டிருந்தது. கையால் அமைத்ததுமே 15 டிகிரி இறங்கியது. கூலரை மாற்றியிருந்தாலும் இவ்வளவு இறங்கியிருக்காது. ஏவிஎக்ஸ் கட்டளைகள் (பல எண்களை ஒரே மூச்சில் கணக்கிடும் கனமான கட்டளைகள்) ஓடும் நிரல்களுக்குச் சூடு தனியாக எகிறும் என்பதால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2, அதாவது பெருக்கியை இரண்டு படி குறைக்கும்படி, வைத்திருக்கிறேன். அந்த நேரங்களில் மட்டும் 4.6-க்கு இறங்கிக்கொள்ளும்.

இந்த பிராசசரில் இன்னொரு விஷயம். சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே இருப்பது சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) இல்லை, தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை). வெப்பம் அங்கேயே மாட்டிக்கொள்வதால் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் ஓர் அளவுக்கு மேல் பயனில்லை. மூடியைக் கழற்றி உள்ளே திரவ உலோகம் பூசுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு கைத்துணிச்சல் கிடையாது.

ஆக, எனக்கான எல்லை இப்படி: நீண்ட நேர முழுச் சுமையில் 80-க்குள், கோடையில் 85 வரை. 90-ஐத் தாண்டினால் கை தானாக பயாஸுக்குப் போய்விடும். வெப்பமும் கூடுதல் வோல்டேஜும் சேர்ந்தால் சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் மெல்ல மெல்லத் தேயும். அப்புறம் அதே வேகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதிக வோல்ட் கேட்கும்.

ஆனால் என் எண்களை அப்படியே வேறு பிராசசருக்குப் பொருத்தாதீர்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை கனமான சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. முதல் தலைமுறை ரைசன் 7 1800எக்ஸில் சென்சார் உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும். அதைப் பார்த்துப் பதறிக் கூலரை மாற்றியவர்கள் பாவம்.

நான்காம் ஆண்டு வாக்கில் ஒரு மாற்றமும் செய்யாமலே 77 என்பது 86 ஆகியிருந்தது. பிராசசர் போய்விட்டதோ என்று பயந்துபோய்க் கூலரைக் கழற்றினேன். கூலருக்கும் மேல் மூடிக்கும் இடையே பூசியிருந்த பேஸ்ட் நடுவில் வறண்டு, ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்ததும் 76. இப்போது தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பேஸ்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்கிறேன். 4.8, 1.25 வோல்ட், அதே பிராசசர். நேற்றைய ரெண்டரில் உச்சம் 78.