குளூட்டனை நிறுத்தியும் வயிறு அடங்கலையா? இந்த ‘உணவு ஒவ்வாமை’ கிட் பக்கம் போகாதீங்க

அரை மாதச் சம்பளம். அது திரும்பி வராது என்று நேற்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆளாவது தப்பட்டும் என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன். பேர் போடவில்லை. வீட்டிலேயே விரலைக் குத்தி, அட்டையில் இரத்தச் சொட்டு வைத்து அனுப்பினால் ‘உங்களுக்கு ஆகாத உணவுகள்’ என்று பட்டியல் தரும் ஆன்லைன் பரிசோதனைக் கம்பெனி. இதே சரக்கை வேறு வேறு பேரில் விற்பவர்கள் நிறைய.

சீலியாக் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) உறுதியாகி, குளூட்டனை நிறுத்தி, அந்த நோய்க்கான இரத்தச் சோதனையான டிடிஜி-ஐஜிஏ நார்மலுக்கு வந்தும் உப்புசமும் பேதியும் விடாத ஆட்கள்தான் இவர்களுக்கு இரை. சாட்டில் வந்த ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ எடுத்த எடுப்பிலேயே மொத்த ஐஜிஏ (ஆன்டிபாடி எனும் நோயெதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை) எவ்வளவு, பயாப்ஸி (குடல் திசுச் சோதனை) எப்போது எடுத்தது, ஓட்ஸ் சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாமே சரியான கேள்விகள், அதனால்தான் நம்பிக்கை விழுந்தது. அடுத்த வரி: “டிடிஜி ஒரே ஒரு ஆன்டிபாடி சார், நாங்க 200 உணவுக்கு ஐஜிஜி பார்க்கிறோம்.” (ஐஜிஜி இன்னொரு வகை ஆன்டிபாடி.) பணம் போயாச்சு.

ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிவப்பில் அரிசி, மக்காச்சோளம், முட்டை, பாதாம். பச்சையில் கோதுமை! சீலியாக் உள்ள ஆளுக்குக் கோதுமை பச்சை!

காரணம் எளிது. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி உடலில் இருக்கும், நிறுத்தினால் குறையும். ஆகாததை இது காட்டாது, தட்டில் தினமும் விழுவதைத்தான் காட்டும். கோதுமைக்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறோமோ அதெல்லாம் சிவப்பாகும், விட்டுவிட்ட கோதுமை பச்சையாகும். உணவுக்கான ஐஜிஜி4 (ஐஜிஜியின் ஒரு துணைவகை) சோதனையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் நோயெதிர்ப்பியல் அகாடமி 2008-லேயே சொல்லியாச்சு. அந்தப் பட்டியலை நம்பி அரிசியையும் முட்டையையும் விட்டால், ஏற்கனவே மெலிந்த உடம்பில் என்ன மிஞ்சும்?

கேட்டதற்கு வந்த பதில்களைச் சொல்கிறேன். “ரிப்போர்ட் தகவலுக்கு மட்டுமே, நோயறிதலுக்கு அல்ல.” “சாம்பிள் லேபுக்குள் போன பிறகு ரீஃபண்ட் இல்லை.” கோதுமை எப்படிப் பச்சை என்றால், “சீலியாக் எங்கள் சோதனையின் வரம்பில் வராது.” அப்படியானால் பயாப்ஸி தேதியை எதற்குக் கேட்டீர்கள்? பதில் இல்லை. அவர்களுடைய புரோபயாடிக் மாத்திரைக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது, புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பன்!

எதை எந்த வரிசையில் தேடுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதல் சந்தேகம் எப்போதும் தெரியாமல் உள்ளே போகும் குளூட்டன்தான். சோயா சாஸ், மால்ட், சாதாரண ஓட்ஸ், எல்லாரும் பயன்படுத்தும் டோஸ்டர், மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எல்லாவற்றையும் பாருங்கள். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்றால் பல நாடுகளில் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்று பொருள், பூஜ்யம் இல்லை. டிடிஜி நார்மல் என்பதால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது, சிறு அளவுகள் அதில் தெரியாமல் போகும். சிறுநீரிலோ மலத்திலோ குளூட்டன் பெப்டைடு (குளூட்டனின் சிறு துண்டுகள்) பார்க்கும் சோதனை அண்மையில் உள்ளே போனதைக் காட்டும்.

கசிவு இல்லையென்றால் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடல் உட்சுவரில் உள்ள குடல்விரல்களின் நுனியில் இருக்கிறது, அவை ஆறும்வரை பால் தொந்தரவு தரலாம். ஹைட்ரஜன் மூச்சுச் சோதனைக்கு இரவு முழுக்கப் பட்டினி வேண்டும், லாக்டோஸ் குடித்தபின் மூச்சில் ஹைட்ரஜன் அடிப்படை அளவைவிட 20 பிபிஎம் ஏறினால் பாசிட்டிவ். வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் இதே உப்புசத்தைத் தரும். நீர்ப்பேதி நிற்காவிட்டால் பெருங்குடல் பயாப்ஸி கேளுங்கள், ஏனென்றால் மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸில் (நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி) கேமராவில் குடல் நன்றாகவே தெரியும். கணையம் செரிமான நொதியைச் சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்க மல எலாஸ்டேஸ் சோதனை.

சீலியாக் சோதனையே செய்யாமல் குளூட்டனை நிறுத்தியவர்கள் இப்போது டிடிஜி எடுத்தால் பொய்யாக நெகட்டிவ் வரலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பின்படி குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் சாப்பிட்ட பிறகுதான் சோதனை. டாக்டரிடம் கேட்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தாலோ கிட், சாட் எதுவும் வேண்டாம், நேராக குடல் டாக்டரிடம் போங்கள். ‘200 உணவு’, ‘ஐஜிஜி’ என்ற இரண்டும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள்.