பதினோராம் பக்கத்துக் கேள்வி

திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சிறிய டிரஸ்ட் எங்களுடையது. நான் அறங்காவலர், செயலாளர், கணக்குப்பிள்ளை. சில நாள் கதவைப் பூட்டுகிறவனும் நானே. 2024இல் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளையிடம் நான்கு லட்சம் ரூபாய் கேட்டு விண்ணப்பித்தோம். பெயர் வேண்டாம். அவர்களுடைய விதிகள் எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

தகுதிப் பட்டியலில் புதுமை ஒன்றுமில்லை. டிரஸ்டுக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவு, நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளம் கொடுக்கும் தர்ப்பண் எண், சி.எஸ்.ஆர். (நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்க 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு கட்டாயம் என்பதால் இதில் குறை சொல்ல முடியாது. காகிதங்களை ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு மதிய வேளையில் முடிந்துவிடும்.

விண்ணப்பப் படிவத்தின் பதினோராம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "அறங்காவலர்களின் உறவினர் யாரிடமாவது பொருள் வாங்குகிறீர்களா?" பஸ் நிலையத்துக்கு எதிரே எழுதுபொருள் கடை வைத்திருப்பவர் என் மனைவியின் தம்பி. ஐந்து ஆண்டுகளாக நோட்டுகள் அவரிடம்தான். "இல்லை என்று எழுதிவிடு தம்பி, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்றார் எங்கள் தலைவர். எழுதக் கை வரவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனைவியின் உடன்பிறந்தாரையும் உறவினர் கணக்கில்தான் வைத்திருந்தது. வாங்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. நியாய விலைக்கு மேல் கொடுத்தால்தான் வம்பு. "ஆம்" என்று எழுதி அனுப்பினேன்.

தள்ளிவிடுவார்கள் என்று நினைத்திருந்தபோது, அங்கிருந்து ஓர் அம்மையார் பேசினார். மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும், முடிவெடுக்கும் கூட்டத்தில் நான் இருக்கக் கூடாது, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மற்ற நால்வரும் உள்ளே பேச, நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், உங்களை வெளியே நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மைத்துனரின் விலை 41 ரூபாய், மற்ற இரண்டும் 44, 46. அவருக்கே ஆர்டர். மறைக்காமல் சொன்னவனைத் தண்டிக்காத இந்த ஒரு பக்கத்துக்காகவே அவர்களுக்கு நல்ல மதிப்பெண் போடுவேன்.

போட்ட மதிப்பெண்ணில் பாதியை அடுத்த பக்கத்துக்காகக் குறைக்கிறேன். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டப்படி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். விதிகளில் வரும் அந்த 5 சதவீதம், பணம் கொடுக்கும் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான வரம்பு. களத்தில் வேலை செய்கிறவன் கழுத்தில் போட்ட சுருக்கு அல்ல. நான்கு லட்சத்தில் 5 சதவீதம் 20,000; மாதத்துக்கு 1,666 ரூபாய். பகுதிநேரக் கணக்கரின் சம்பளம், மின்கட்டணம், தணிக்கைக் கட்டணம் மூன்றும் இதற்குள் அடங்க வேண்டுமாம். பக்கத்து ஊர் டிரஸ்டில் ஒருவர் வழி சொன்னார்: கணக்கரை "ஆசிரியர்" என்று எழுதிவிடு. அந்தப் பக்கத்தின் அடியிலேயே, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று கையெழுத்தும் கேட்கிறார்கள்! கடிதம் எழுதிக் கேட்டேன். "இது எங்கள் கொள்கை" என்று பதில் வந்தது. கொள்கை என்றால் கொள்கை என்றே அச்சிடலாமே, சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? கணக்கரைக் கணக்கர் என்றே எழுதி, மீதிச் சம்பளத்தை உள்ளூர் நன்கொடையில் கொடுத்தோம்.

பணம் வருவதிலும் சுணக்கம். முதல் தவணை 45 நாளில் என்றார்கள், வந்தது நான்காம் மாதம். ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டுமே. மைத்துனர்தான் 600 நோட்டுகளைக் கடனுக்குக் கொடுத்தார். மற்ற இரண்டு கடைகளும் முன்பணம் கேட்டிருந்தன. இந்த ஆண்டு விண்ணப்பத்தில் அந்தக் கடனையும் பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மையார் இன்னும் பேசவில்லை.