இடித்துவிட்டு ஓடியவன் சிக்கினால் ஒரு வழி, சிக்காவிட்டால் ஒரு வழி

வண்டி எண் தெரிந்துவிட்டால் இழப்பீடு கேட்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்தான். வயது, வருமானம், ஊனம், மருத்துவச் செலவு எல்லாம் கணக்கில் வரும். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. இன்சூரன்ஸ் உள்ள வண்டியென்றால் பொதுவாக அந்த நிறுவனமே கட்டும். வழக்கு இழுக்கும், வக்கீல் வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், அசந்துவிடாதீர்கள்.

எண்ணே தெரியாவிட்டால் அதே 2022-இல் வந்த மத்திய அரசுத் திட்டம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம், அவ்வளவுதான். கால் போனவருக்கு 50 ஆயிரம் எந்த மூலைக்கு? ஆனால் யார் மீது தப்பு என்று வாதாட வேண்டாம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரிப்பார், ஆட்சியர் ஒப்புதல் தருவார்.

இப்படியொரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மாதத்தில் வண்டி கிடைக்காவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் எழுத்துமூலம் இந்தத் திட்டத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், எஃப்ஐஆர் நகலை வாங்கிக்கொண்டு, சிசிடிவி காட்சி அழிவதற்குள் எண்ணைத் தேடச் சொல்லி நச்சரியுங்கள். திட்டப் பணம் வாங்கியபின் வண்டி பிடிபட்டாலும் தீர்ப்பாயம் போகலாம், வாங்கியதைக் கழித்துக்கொள்வார்கள்.