விளக்கு எரிந்தால் மட்டும் போதாது: அரசுப் பள்ளியின் மின்பணித் தொழிற்கல்விப் பிரிவு

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் என் மகள் அண்மையில் படித்து முடித்த இரண்டாண்டு மின்பணிப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கிடைக்கும் பயிற்சிக்காக மட்டுமே இந்தப் பிரிவில் தாராளமாகச் சேரலாம். ஆனால் பட்டறைக்கு வெளியே பள்ளி தருவதாகச் சொல்லும் பணியிடப் பயிற்சியையும் மேற்படிப்பு வழிகாட்டலையும் நம்பிச் சேர்க்கக் கூடாது.

ஒரு தொழிற்பிரிவின் தரத்தை அங்குள்ள கருவிகளின் எண்ணிக்கையை வைத்துப் பலர் எடைபோடுகிறார்கள். மாணவர் தாம் செய்த வேலையைத் தாமே சோதித்துப் பார்க்கக் கற்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். இந்தப் பட்டறை அந்த வகையில் உயர்ந்து நிற்கிறது. மாடிப்படி விளக்குக்கான டூ-வே சுவிட்ச் இணைப்பு எங்கும் கற்பிக்கப்படும் பாடம்தான். இரண்டு சுவிட்சுகளையும் மாற்றி மாற்றிப் போட்டு விளக்கு எரிந்து அணைந்தால் வேலை முடிந்தது என்று மதிப்பெண் போட்டுவிடுவது வழக்கம். இங்கோ, விளக்கு எரிவதற்கென்று கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியில் அமைய வேண்டிய சுவிட்சை, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் அமைத்துவிட்டாலும் விளக்கு ஒழுங்காகவே எரியும், ஒழுங்காகவே அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், பல்பு மாற்றக் கைவைப்பவருக்கு அது தெரியாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இந்தத் தவற்றைப் பிடிப்பதற்காகவே மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளின் வரிசையை ஆசிரியர் மாணவர்களுக்கு மனப்பாடமாக்கியிருக்கிறார்: முதலில் எர்த் தொடர்ச்சி, அதாவது எர்த் கம்பி எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்பது, அடுத்து 500 வோல்ட் மெகர் என்னும் அளவி கொண்டு காப்புத்தடை, அதாவது கம்பியின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவு, பிறகு ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்பது. காப்புத்தடை 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பலகைக்கு மின்சாரம் கிடையாது. இவை முடிந்து இணைப்புக் கொடுத்த பிறகுதான் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உரிய நேரத்துக்குள் விழுகிறதா (தானாக அணைகிறதா) என்று பார்க்கப்படும்.

பிழை கண்டுபிடிக்கும் வகுப்புகளைத் தனியே பாராட்ட வேண்டும். முடிக்கப்பட்ட பலகை ஒன்றில் ஆசிரியர் யாரும் பார்க்காதபோது ஏதேனும் கோளாறு செய்து வைப்பார். மாணவர் மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன், எந்த இரு முனைகளுக்கிடையே என்ன அளவு வரும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை எழுதித்தர வேண்டும். ஒருமுறை, திருகு செம்பைப் பிடிக்காமல் கம்பியின் மேலுறையைப் பிடித்துக்கொண்டிருந்த இணைப்பு ஒன்றை மகளின் குழு நெடுநேரம் தேடியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கம்பி உள்ளே போயிருந்தது, திருகும் இறுகியிருந்தது, அசைத்தால் சிலசமயம் தொடர்பு கிடைத்தது, சிலசமயம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் எந்தத் திருகை இறுக்கினாலும் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறாள். தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும் என்று பாடநூலில் எழுதியிருப்பதைப் படித்து இந்தப் பழக்கம் வருவதில்லை.

கணக்குப் பாடம் பற்றி இவ்வளவு உற்சாகமாக எழுத முடியவில்லை. 3,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். அதை, மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபியில், 6 ஆம்பியர் அளவுடைய ஒன்றில் போட்டால் உடனே விழாமல் சற்றுப் பொறுத்து விழுவதும், ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுவதும் ஏன் என்று பட்டறையில் விளக்குகிறார்கள். முன்னதில் ஈருலோகப் பட்டை சூடேறி வளைய வேண்டும், பின்னதில் காந்தச்சுருள் இழுத்துவிடுகிறது. வகுத்தலையும் விகிதத்தையும் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? ஆயினும் அடுத்த கட்டடத்தில் நடக்கும் கணித வகுப்புக்கு இந்தப் பட்டறை இருப்பதே தெரியாது. கைத்தொழிலையும் பொதுக்கல்வியையும் தனித்தனிச் சுவர்களுக்குள் அடைக்கக் கூடாது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி வாதிட்டது 1915-இல். அமெரிக்காவில் தொழிற்கல்விக்குக் கூட்டரசு நிதி வழங்கிய 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் அந்தச் சுவரை உறுதிப்படுத்தியதாகவே பின்னர் வந்த பலர் குறைகூறினார்கள். நூறாண்டு கடந்தும் அதே சுவரை இந்தப் பள்ளியிலும் பார்க்க நேர்ந்தது.

பணியிடப் பயிற்சிதான் இந்தப் பிரிவின் பெருங்குறை. பட்டறையில் அத்தனை கண்டிப்போடு வளர்க்கப்பட்ட பிள்ளைகளை ஒப்பந்ததாரர்களிடம் அனுப்பும்போது, அங்கே அவர்கள் என்ன கற்க வேண்டும் என்ற பட்டியலைக்கூடப் பள்ளி கொடுத்தனுப்பவில்லை. மகள் பெரும்பாலும் மின்கம்பிகளைச் செலுத்தும் கண்டியூட் குழாய்களைச் சுமந்து மாடியேற்றினாள். பதிவேட்டில் வருகைக் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்தது. ஜெர்மனியில் 1969-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி பயிற்சி பெறுபவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன கற்பிக்க வேண்டும் என்ற விதிமுறை இருக்கிறது; வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் கழிகின்றன; இறுதித்தேர்வை நடத்தும் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் ஆசிரியரும் அமர்கிறார்கள். அத்தகைய ஏற்பாட்டை ஒரு தனிப்பள்ளி தானாக உருவாக்கிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் எந்த வேலையைச் செய்யவிட்டார்கள், எதைப் பார்க்க மட்டும் விட்டார்கள் என்று குறிக்க ஒரு பக்கப் படிவம் அச்சிடுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

சேர்க்கை முறையும் சரியில்லை. மதிப்பெண் குறைந்தவர்களை இங்கே தள்ளிவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு, அதிலும் ஒரு பெண், இதை விரும்பிக் கேட்டபோது மூன்று பேர் எங்களிடம் மறுபடி யோசிக்கச் சொன்னார்கள். வரைபடத்தைப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இந்தத் தொழில் எளிதாக இருக்கும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மாறாக, கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. கம்பிகளை நிறத்தால் அடையாளம் காணும் தொழிலுக்கு ஆள் எடுக்கும்போது நிறப்பார்வைச் சோதனை இல்லை. ஆண்களிடையே நிறக்குறைபாடு அரிதான ஒன்றன்று. வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அது இருப்பது பட்டறையில்தான் தெரியவந்தது. ஆசிரியர் அவனுக்குக் கம்பி முனைகளில் எண் பொறித்த வளையங்களை மாட்டிக் கற்றுக்கொடுத்தார் என்பது அவருடைய பெருந்தன்மை.

சான்றிதழைப் பொறுத்தவரை, அதில் மதிப்பெண்கள் உண்டு, திறன்களின் பட்டியல் இல்லை. மெகர் பிடிக்கத் தெரிந்தவர் என்பதை வேலை கொடுப்பவர் அதைப் பார்த்து அறிய முடியாது. தனியாக மின்பணி எடுத்துச் செய்வதற்கு உரிமம் வேண்டும், அதற்கு முன் உரிமம் பெற்றவரின் கீழ் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும் என்பதும் கடைசிப் பருவத்தில்தான் சொல்லப்பட்டது. பொறியியல் மேற்படிப்புக்குச் செல்ல எந்தக் கூடுதல் பாடம் எழுத வேண்டும் என்பதைக் கல்லூரிக்கு நேரில் சென்று நாங்களே கேட்டறிந்தோம். சுவிட்சர்லாந்தில் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்பயிற்சியைத் தேர்கிறார்கள்; பயிற்சியோடு சேர்த்தே உயர்கல்வித் தகுதியும் பெறும் வழி அங்கே 1990-களிலிருந்து திறந்திருக்கிறது. அந்தத் தேர்வு அவர்களுக்கு அச்சமூட்டாததில் வியப்பில்லை.

சேர்க்கைக்குச் செல்பவர்கள் அலுவலகத்தில் விளக்கக் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் பணியிடப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறை மெகரைக் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள் என்றும், இப்போதைய பட்டறை ஆசிரியர் தொடர்ந்து பணியில் இருப்பாரா என்றும் கேளுங்கள். அவர் மாறிவிட்டால் இந்த மதிப்புரையில் நான் பாராட்டியவற்றுள் பெரும்பகுதி பொருந்தாது. எங்கள் இளைய மகனையும் இதே பிரிவில்தான் சேர்க்கிறோம். அவனுடைய பணியிடப் பயிற்சிக்கு மட்டும் தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.