காப்பர் குளோரைடா, காப்பர் அயோடைடா: சென்னைக் காற்றை எது தாங்கும்?

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடியில் காப்பர் குளோரைடு ஃபிலிம், அதாவது மெல்லிய படலம், மூன்று போட்டு பெட்ரி டிஷ்ஷில் மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை அளந்துகொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடைமழை. திங்கள் காலை எனக்கு முன்னால் லேபுக்கு வந்த ஜூனியர் போன் போட்டு, "அக்கா, கண்ணாடியில பாசி பிடிச்ச மாதிரி இருக்கு, இது நம்ம சாம்பிளா?" என்று கேட்டான். நம்ம சாம்பிள்தான். அன்றைக்கு அயோடைடுக்கு மாறியவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதப் போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சட்டென்று சொல்லிவிடலாம். இரண்டும் நேரடி பட்டை இடைவெளி உள்ள குறைகடத்திகள் (எலக்ட்ரான் ஒளியை வாங்கி நேராக மேல் பட்டைக்குத் தாவக்கூடியவை), அறை வெப்பநிலையில் ஒரே மாதிரி படிக அமைப்பு, கண்ணுக்கு ஏறக்குறைய நிறமில்லாத ஃபிலிம். உறிஞ்சல் தொடங்குவது ஊதா நிறம் முடிகிற இடத்தில்.

ஒளியியலை மட்டும் பார்த்தால் குளோரைடுதான் ராஜா, அதை மறுக்க முடியாது. ஒளி பட்டு எழும்பிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிகிற ஜோடிக்குத்தான் எக்ஸைட்டான் என்று பெயர். அந்தப் பிடிப்பு குளோரைடில் சுமார் 190 மில்லி எலக்ட்ரான் வோல்ட், இவற்றின் இன்னொரு சகோதரமான காப்பர் புரோமைடில் 108, அயோடைடில் 62. அறை வெப்பம் கொடுக்கிற உதை 26தான் என்பதால் மூன்றிலும் ஜோடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் குளோரைடில் அசையவே அசையாது. ஏசி ஓடாத அறையில்கூட யுவி-விஸ் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம்) 370, 380 நானோமீட்டர் பக்கம் இரண்டு பீக்குகள் இரட்டைக் கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும். அயோடைடில் ஒரு பீக் 410-க்குச் சற்று முன்னால், இன்னொன்று எங்கேயோ 335 பக்கம். அயோடின் கனமான அணு என்பதால் வேலன்ஸ் பட்டை, அதாவது எலக்ட்ரான்கள் நிறைந்த பட்டை, அவ்வளவு தூரம் பிளந்து போகிறது. போதாக்குறைக்கு குளோரைடின் படிகக் கட்டத்தின் அளவு சிலிக்கானோடு அச்சாகப் பொருந்தும், 5.42-க்கு 5.43 ஆங்ஸ்ட்ராம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் குளோரைடில் விழுந்தேன். ஈரக் காற்றில் அது என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஒற்றை இணைதிறனில் இருக்கிற காப்பர், ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் இரட்டை இணைதிறனுக்கு ஏறி, பச்சையான ஹைட்ராக்சி குளோரைடாக மாறிவிடும். ஸ்பெக்ட்ரத்தில் இரட்டைக் கோபுரம் கரைந்து அடிக்கோடு (பேஸ்லைன்) மேலே ஏறுவதைப் பார்ப்பது வயிற்றெரிச்சல். நான் டெசிகேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் ஜாடியில், வைத்தேன்; மழைக்காலத்தில் நீல சிலிக்கா ஜெல் மளமளவென்று ரோஸ் நிறமாகிவிடும், அடிக்கடி ஓவனில் வறுத்து எடுக்க வேண்டும். ஃபிலிம் போட்ட கையோடு மேலே பாலிமர் கோட்டிங் கொடுத்தால் நாள் நீடிக்கும், ஆனால் அப்புறம் நீங்கள் அளப்பதில் பாலிமரும் சேர்ந்துவிடும். ஈரமில்லாத வாயு நிரப்பிய குளவ் பாக்ஸ் இருக்கிற பணக்கார லேபுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அயோடைடு செய்வது சமையல் மாதிரி. கண்ணாடியில் 20 நானோமீட்டர் காப்பரை ஆவியாக்கிப் படியவைத்து, மூடிய பாட்டிலில் இரண்டு அயோடின் துண்டுகளோடு போட்டால் போதும். செம்பு நிறம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கண்ணெதிரே கண்ணாடி தெளிந்துவிடும். தடிமன் மட்டும் நாலரை மடங்குக்கு மேல் உப்பிவிடும், 20 என்பது 95 பக்கம் வந்து நிற்கும். கணக்கில் இதை மறந்தால் உறிஞ்சல் குணகம் (தடிமனுக்கு எவ்வளவு உறிஞ்சல் என்ற எண்) முழுக்கத் தப்பு. 1907-இல் கார்ல் பேடேக்கர் என்ற ஜெர்மன்காரர் இதே வழியில்தான் செய்தார். கூடவே பி-வகை மின்கடத்தலும் (துளைகள் மின்சாரத்தைச் சுமப்பது) கிடைக்கிறது, ஒளி ஊடுருவுகிற பொருள்களில் அது அரிது. குறையும் உண்டு. அயோடின் அதிகம் குடித்த ஃபிலிம் சொரசொரப்பாகி பால் படிந்த மாதிரி மங்கும், அந்தச் சிதறலை உறிஞ்சல் என்று நினைத்து நான் ஒரு வாரம் ஏமாந்தேன். நாள்பட அயோடின் கொஞ்சம் வெளியேறி, கடத்தல் இறங்கும். இருட்டு டப்பாவில் வைப்பது நல்லது.

புரோமைடை இரண்டே முறைதான் போட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். குளோரைடைவிடப் பொறுத்துப் போகிறது, அவ்வளவுதான்.

நானோ படிகம் (சில நானோமீட்டர் அளவுத் துகள்) என்று வந்தால் மட்டும் என் பேச்சு மாறும். 1980-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் அலெக்ஸி எகிமோவ் கண்ணாடி உருகலுக்குள்ளேயே காப்பர் குளோரைடு துகள்களை வளர்த்து, துகள் சிறுத்தால் உறிஞ்சல் நீலப் பக்கம் நகரும் என்று காட்டினார். 2023-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். குளோரைடு எக்ஸைட்டானின் ஆரமே 0.7 நானோமீட்டர்தான், ஆகவே 3 நானோமீட்டர் ஆரமுள்ள துகளுக்குள்ளும் ஜோடி உடையாமல் முழுசாகவே அடைபடும். கண்ணாடிக்குள் இருப்பதை நம்ம ஊர் ஈரம் தொடவும் முடியாது. உருக்கும் வேலையை நான் செய்ததில்லை, சீனியர் விட்டுப்போன ஒரு துண்டை அளந்ததோடு சரி. இத்தனை மழைக்காலம் மேஜை டிராயரில் பேப்பரில் சுற்றிக் கிடந்த துண்டு அது. போன வாரம் எடுத்துத் துடைத்து வைத்து அளந்தேன், இரண்டு பீக்குகளும் அப்படியே நிற்கின்றன.