டிராக்டர் ஹைட்ராலிக்ல ஓடற விறகு பிளக்கும் மெஷின் வாங்கப் போறீங்களா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கையில ஆயில் வாடை இன்னும் போகல. மூணு மாசச் சேமிப்பு நேத்து சாயங்காலம் என் கண்ணு முன்னாடி ஒழுகிப் போச்சு. வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

என்கிட்ட இருக்கறது சின்ன டிராக்டர். பம்ப் நிமிஷத்துக்கு 18 லிட்டர் தள்ளும். பிரஷர் எல்லை மீறினா ஆயிலைத் திருப்பி விடற ரிலீஃப் வால்வு 150 பார்ல (பார்ங்கறது பிரஷர் அளவு) திறந்துடும். கோடாலி வீசி வீசித் தோள்பட்டை போனதால, டிராக்டர் ஹைட்ராலிக்லயே ஓடற மெஷினைத் தேடினேன். விவசாயக் கருவி விக்கற ஒரு ஆன்லைன் கடையில "20 டன் சக்தி, போய்த் திரும்ப 12 நொடி"ன்னு போட்டிருந்தாங்க.

போன் பண்ணினேன். எடுத்தவர் டிராக்டர் மாடல், பம்ப் அளவு, பிரஷர்னு ஒண்ணொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டார். நான் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். "அண்ணே, உங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி உட்காரும். வால்வு, ஹோஸ் எல்லாம் செட்டா வரும், மாட்டினா போதும்"னார். இவ்வளவு விசாரிக்கற மனுஷன் தப்பா அனுப்புவாரான்னு நம்பி, முழுப் பணத்தையும் அன்னைக்கே கட்டினேன். மூணு மாசச் சேமிப்பு!

வந்த சிலிண்டர் 100 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீளம் ஓடறது. 150 பார்ல அது தர்றது 12 டன்தான். 20 டன் வேணும்னா கிட்டத்தட்ட 250 பார் வேணும், என் வண்டியில அது வரவே வராது. வேகமும் அப்படித்தான். அந்த சிலிண்டர் நிறைய 4.7 லிட்டர் ஆயில் போகணும். போக 16 நொடி, திரும்ப 12 நொடி ஆச்சு. நான் சொன்ன எண்ணை வச்சு அவரே போன்லயே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. கணு விழுந்த கட்டையில ஆப்பு பாதியிலயே நின்னுடும். ரிலீஃப் வால்வு கத்தும், ஆயில் கொதிக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். வாட்ஸ்அப்ல அவங்க அனுப்பின படத்துல, வால்வோட டேங்க் போர்ட்ல (ஆயில் டேங்குக்குத் திரும்பப் போற வாய்) இருந்து வண்டிக்குப் பின்னாடி கருவியைத் தூக்கற லிஃப்டுக்கு லைன் கொடுக்கச் சொல்லியிருந்தாங்க. அப்படியே மாட்டினேன். நேத்து சுமையோட லிஃப்டைத் தூக்கினதும் லிவர் அடியில இருந்து ஆயில் பீச்சி அடிச்சுது. டேங்க் போர்ட் பிரஷர் தாங்கறதுக்கு இல்லை. லிஃப்டுக்கு ஆயில் போகணும்னா பவர் பியாண்ட் போர்ட் (பிரஷரோட ஆயிலை அடுத்த கருவிக்கு அனுப்பற வாய்) உள்ள வால்வு வேணும், டேங்குக்குத் தனி ஹோஸ் வேணும். ரெண்டும் அந்த செட்ல இல்லவே இல்லை. எங்க கசியுதுன்னு தடவிப் பார்க்கக் கையை நீட்டிட்டேன். அண்ணன் பையன் பிடிச்சு இழுத்தான். அந்தப் பிரஷர்ல வர்ற ஆயில் ஊசி மாதிரித் தோலுக்குள்ள இறங்கிடும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலன்னா விரலே போயிடும்.

உடனே போன் போட்டேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம் சார்." அண்ணே போய் சார் ஆயிடுச்சு. ராத்திரி கூப்பிட்டா "ஆயில் மாத்திப் பாருங்க." இன்னைக்குக் காலையில "மாட்டினது நீங்கதானே சார், அதுக்கு வாரண்டி வராது." உங்க படத்தைப் பார்த்துத்தானே மாட்டினேன்னு கேட்டேன். லைனை வச்சுட்டாங்க. மூணு மாசச் சேமிப்புக்கு இதுதான் பதில்.

விவரமா எழுத இப்ப மனசு ஓடல. இதை மட்டுமாவது பாருங்க. டன்னை நம்பாதீங்க, உங்க வண்டி பிரஷரை வச்சு நீங்களே கணக்குப் போடுங்க. ஓப்பன் சென்டர் வண்டிக்கு (லிவர் நடுவுல இருக்கும்போதும் ஆயில் ஓடிட்டே இருக்கற வகை) க்ளோஸ்டு சென்டர் வால்வு (அப்போ ஆயிலை அடைச்சுடற வகை) மாட்டினா பம்ப் போயிடும். பவர் பியாண்ட் இருக்கான்னு எழுத்துல கேளுங்க, போன்ல சொல்றதை நம்பாதீங்க. கசிவு பார்க்க அட்டையைக் காட்டுங்க, கையைக் கொண்டு போகாதீங்க.

என் வண்டியில கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். குச்சியில அளவு கீழ் கோட்டுக்கும் கீழ இருக்கு. அதை ஊத்தாம நாளைக்கு வண்டியை எடுக்க முடியாது, அதுக்கும் காசு தேடணும்.